சிலுவக்கா வாத்தியார் தேடிய மாதம்

எடை மேடையில் ஒவ்வொரு லாரியும் இரண்டு முறை ஏறும். காலியாக ஒரு முறை, இரும்பை ஏற்றிக்கொண்டு ஒரு முறை. இரண்டையும் பார்க்காமல் எந்த வண்டியைப் பற்றியும் பேசக் கூடாது என்பார் சிலுவையம்மாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடை மேடையின் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஏறி நின்றதும் நம்பர் பிளேட்டைப் படிப்பது, கம்ப்யூட்டரில் தட்டுவது, சீட்டைக் கிழித்து டிரைவர் கையில் கொடுப்பது. இதுதான் வேலை. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அவர் சிலுவக்கா.

அவருடைய மூத்த மகள் ரெனிட்டா பன்னிரண்டாம் வகுப்பில் இறந்துபோனாள். டியூஷன் முடிந்து தனியாக எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடந்தபோது ஒரு டிரெய்லர் அடித்தது. நான் அப்போது கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் அம்மா போனில் சொன்னார். நான் திரும்பி வந்தபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது. துக்கம் கேட்கப் போகும் வயதைத் தாண்டிவிட்ட துக்கம் அது. போய்ப் பேச ஒன்றும் இல்லாமல், ஒருநாள் மதியம் சாத்தாங்காட்டுக்கே போய் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

டிரெய்லர் ஒன்று ஏறியது. அக்கா நம்பரைப் படித்தார். தட்டினார். மறுபடி தலையைத் தூக்கிப் படித்தார். போலீஸ் காகிதத்தில் இருந்த, ரெனிட்டாவை அடித்த வண்டியின் நம்பர் அவருக்கு மனப்பாடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அந்த வண்டி இங்க வந்தா இன்னாக்கா பண்ணுவ?"

"எட போட்டு அனுப்புவேன். வேற இன்னா பண்றது? பின்னாடி கியூல வண்டி நிக்கும் இல்ல."

சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்தார்.

அக்டோபரில் இளையவள் ஆன்சியின் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்தது. அவளும் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்கு இருபத்து மூன்று. மற்ற பாடங்களில் எண்பதுக்குக் குறைவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார். முதல் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. வெக்டர் பாடத்துக் கேள்விகள் வந்த இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் கோடு போட்டிருந்தாள்.

"எழுதாம ஏன்டி கோடு போட்ட?" என்றேன்.

ஆன்சி ஒரு நீல நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். ரெனிட்டாவின் கணக்கு நோட்டு. டியூஷன் எல்லாம் வேண்டாம், அக்கா நோட்டே போதும் என்று வருட ஆரம்பத்தில் வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நோட்டு வெக்டர் பாடத்தின் மூன்றாவது கணக்கில், சமக்குறி போட்ட இடத்தில் நின்றிருந்தது. அதற்கு மேல் வெள்ளைத் தாள்.

"அதுவரைக்கும் வருது ஜானட்டக்கா. அதுக்கப்புறம் பேனாவ எடுத்தா கை நின்னுபோவுது. புக்கப் பாத்து படிச்சாலும் அதே எடத்துல நிக்குது."

"மார்ச்சுல பப்ளிக் எக்சாமு" என்றார் சிலுவக்கா. "அங்கயும் கோடு போட்டுட்டு வருவா. ஒரு வாத்தியாரு பாக்கணும். உன் வண்டில கூட்டிகினு போ."

தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். தேரடி திருமலை சார். கணக்கு வராத பிள்ளைகளையே தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறவர். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, உங்களுக்கு வேணாம்" என்றார்கள். ரெனிட்டா அவரிடம்தான் படித்தாள். ஆறரைக்கு விடவேண்டிய பெண்ணை ஏழு வரைக்கும் அவர் நிறுத்தி வைத்ததால்தான் அவள் கூட்டத்தோடு கடக்காமல் தனியாகக் கடந்தாள் என்பது ஊர் அறிந்த கதை. அடக்கத்துக்கு வந்த அவரை ரெனிட்டாவின் அப்பா அருள்நாதன் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அதற்குப் பிறகு அந்த டியூஷனில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

ஊர் அறியாதது ஒன்று இருந்தது. அதை சிலுவக்கா என்னிடம் சொன்னது, ஜெரி என்ற கணக்கு வாத்தியாரின் டியூஷன் சென்டருக்குப் போகிற வழியில், டோல்கேட் சிக்னலில் நின்றபோது. பின்னால் உட்கார்ந்தபடி, வழி சொல்கிற குரலில் சொன்னார்.

"நான்தான் ஃபோன் பண்ணேன் ஜானட்டு. வண்டி கியூ பெருசா நின்னுச்சு, மாத்தி உக்கார வேண்டியவரு வரல. வூட்டு சாவி என்கிட்ட. புள்ள பூட்டுன கதவாண்ட தெருவுல நிக்கும்னு, அர மணி நேரம் வெச்சுக்கங்க சார்னு சொன்னேன். அவரு வெச்சுகினாரு."

பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டினார்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சாருக்கும் எனக்கும்தான் தெரியும். அறை வாங்கினப்ப என்னப் பாத்தாரு. நான் தலய குனிஞ்சுகினேன். நீ வண்டிய எடு."

ஜெரியின் சென்டர் ஏ.சி. போட்டது. ஜெரிக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போயிருந்தோம். சுவர் முழுக்க மார்க் எடுத்த பிள்ளைகளின் படங்கள்.

"போன வருஷம் எங்க சென்டர்ல தொண்ணூறுக்கு மேல நாப்பது பேருக்கா."

"கீழ எத்தினி பேரு தம்பி?"

"இன்னாது?"

"முப்பத்தஞ்சுக்குக் கீழ. அவங்க போட்டோ எங்க கீது?"

ஜெரி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வகுப்பு நடக்கும் நேரத்தில் மறுபடி போனோம். எழுபது பிள்ளைகள், மைக்கில் பாடம். கடைசி வரிசையில் மூன்று பேர் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எதையும் எழுதாமல் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலியா நல்ல வண்டி. லோடு ஏத்துனா ஒரு பக்கமா சாயுது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

ராயபுரத்தில் நவ்ரீன் என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனோம். எம்.எஸ்சி. முடித்தவள், வீட்டு மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தருகிறாள். காலியாகப் பார்த்தபோதும் பிடித்திருந்தது, பிள்ளைகளோடு பார்த்தபோதும் பிடித்திருந்தது. தெரியவில்லை என்று ஒரு பையன் சொன்னபோது அவள், "எந்த வரியில தெரியாம போச்சு, காட்டு" என்று கேட்டாள். அக்கா என் கையைக் கிள்ளினார். இவள்தான் என்று அர்த்தம்.

வகுப்பு முடிந்ததும் நவ்ரீன் எங்களிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்லயே சொல்லிடுறேங்க்கா. ஜனவரில எனக்கு நிக்காஹ். அப்புறம் துபாய். இந்தப் புள்ளைங்களுக்கும் சொல்லிட்டேன். புதுசா யாரையும் சேக்கல. பாதியில வுட்டுட்டுப் போனா பாவம்."

"நல்லா இரும்மா" என்றார் அக்கா. "பாதியில வுட்றது வேணாம். எங்க வூட்ல அது போதும்."

நவ்ரீனுக்கு அது புரியவில்லை. "தேரடில திருமலை சார் இருக்காரு. நானே அவர்கிட்ட படிச்சவதான். அவர மாதிரி வராதுக்கா" என்றாள்.

திரும்பும்போது காசிமேடு தாண்டியதும் அக்கா என் தோளைத் தட்டினார். பிறகு, "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு போலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

திருமலை சாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது வீடு. வகுப்பு நடக்கும் கூடத்தில் கரும்பலகை, சுருட்டி வைத்த நான்கு பாய்கள், ஒரு மின்விசிறி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல மறந்து, அவரும் நின்றுகொண்டே இருந்தார்.

"ஆன்சிக்கு கணக்கு வரல சார்" என்றார் அக்கா. "இருவத்தி மூணு."

"எந்தப் பாடத்துல போச்சு?"

"வெக்டரு."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழித்த பலகையைத் துணியால் மறுபடி அழித்தார்.

"வேணாம்மா. வேற யாரையாவது பாருங்க."

"எல்லாரையும் பாத்தாச்சு சார்."

"அவளுக்குச் சொல்லித்தர முடியாதுன்னு இல்ல. அவங்க நைனா வருவாரு. அன்னிக்கு ஏன்யா நிறுத்தி வெச்சன்னு மறுபடி கேப்பாரு. ஒரு தபா வாய மூடிகினு நின்னேன். புள்ளய பறிகொடுத்த வூட்ல, புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல இத வேற கொண்டுபோய் போடணுமான்னு நின்னேன். இன்னொரு தபா என்னால ஆவாதும்மா. நான் ஒண்ணும் சாமியாரு இல்ல."

அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்புறமாவது நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் சார். டியூசனாவது பொழச்சிருக்கும்."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரும் என்று காத்திருந்தவர் சொல்வது மாதிரி சொன்னார். கீழே சைக்கிள் கடையில் யாரோ ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் மேலே வந்தது.

படியிறங்கியதும் நான் கேட்டேன், "இன்னும் இன்னாக்கா யோசன? அவரே வேணாம்ட்டாரு."

"காலியாதான பாத்தோம்."

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அந்தத் தெரு முனையில் டீக்கடை ஓரமாக நின்றோம். மாடி ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. என்ன பாடம் என்று காதில் விழவில்லை. நடுநடுவே சிரிப்பு மட்டும் கேட்டது. ஆறு இருபதுக்கு மேல் அந்தச் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாக சார் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் அந்த நேரத்தில் அக்காவாலும் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். ஜன்னலை விட்டு எழுந்து மேடையைச் சுற்றி நடப்பார் என்று சாத்தாங்காட்டு டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரியாக ஆறரைக்குப் பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள். பதினொரு பேர். சாரும் கூடவே இறங்கினார். செருப்புகூடச் சரியாக மாட்டவில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்தில் அவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார். பிறகு ரோட்டில் இறங்கி, வலது கையைத் தூக்கினார். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக பிரேக் அடித்து நின்றன. பிள்ளைகள் கடந்தார்கள்.

பதினோராவது பையன் அந்தப் பக்கம் ஏறிவிட்டான். சார் கையை இறக்கவில்லை.

ரோடு காலியாகத்தான் இருந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. அவர் கண்கள் ரோட்டின் குறுக்கே மெதுவாக நகர்ந்தன, இன்னும் ஒருத்தி நடந்து போவதைப் பார்ப்பதுபோல. முன்னால் நின்ற டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு! யாருக்குய்யா நிக்குற? எல்லாம் பூட்டாங்க இல்ல?"

பின்னால் ஹாரன்கள் சேர்ந்துகொண்டன. இன்னொரு டிரைவர், "வுடுய்யா, அவரு தெனிக்கும் அப்டிதான்" என்றார். சார் அந்தப் பக்கத்து நடைபாதை வரை பார்வையைக் கொண்டுபோய் விட்டபிறகுதான் கையை இறக்கினார். யாரையும் பார்க்காமல் திரும்பிப் படியேறினார்.

டீக்கடைக்காரர் எங்களிடம், "ரெண்டு வருசமா இப்டிதாம்மா. மழன்னாலும் நிப்பாரு" என்றார்.

அக்கா கையிலிருந்த டீ ஆறிப் போயிருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, "இவர்தான்" என்றார்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பெயர் எழுத்துக்களுக்குக் கறுப்பு மை பூசி முடிக்க வேண்டும். அருள்நாதன் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், அன்றைக்குத்தான் விடுப்பு கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கே கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. பூக்காரிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் நீட்டியது. ஆன்சி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் மெழுகுவத்திகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அருள்நாதன் குந்தி உட்கார்ந்து சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

சிலுவக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க. ஆன்சிய திருமலை சார்கிட்ட வுடணும்."

பிரஷ் நிற்கவில்லை. "அந்தாளு பேர எடுக்காத. இவ எதிர்ல எடுக்காத."

"இவ எதிர்லதான் சொல்லணும். அன்னிக்கு அவரா நிறுத்தி வெக்கல. நான்தான் வெச்சுக்க சொன்னேன். சாவி என்னாண்ட கீது, புள்ள தெருவுல நிக்கும், அர மணி நேரம் வெச்சுக்கங்கன்னு ஃபோன் பண்ணேன்."

பிரஷ் நின்றது. அதன் முனையிலிருந்து சுண்ணாம்பு சொட்டு சொட்டாக மண்ணில் விழுந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, கல்லில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி மணிக்கு?"

"ஆறு இருவத்தஞ்சு."

"வாத்தியாரு ஏன் சொல்லல?"

"நான் சொல்லுவேன்னு இருந்திருக்காரு."

"நான் அவர அடிச்சேனே."

"ஆமா."

"நீ அங்கதான நின்ன?"

"ஆமா. அங்கதான் நின்னேன்."

அருள்நாதன் பிரஷ்ஷை மறுபடி தொட்டியில் தோய்த்தார். சிலுவையின் ஒரு கை மட்டும் பாக்கி இருந்தது. அதை அடித்து முடித்தார். விளிம்பைத் துணியால் துடைத்தார். ஆன்சி தண்ணீர் கொண்டுவந்ததும் கை கழுவிக்கொண்டு எழுந்து, கூட்டத்தை விலக்கியபடி வாசலை நோக்கி நடந்தார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரிக்க வந்தபோது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

"அப்பா எங்கம்மா?" என்றாள் ஆன்சி.

அக்கா அவளிடமும் அங்கேயே சொன்னார். நிறுத்தாமல், அதே வார்த்தைகளில். ஆன்சி அம்மாவையும் கல்லறையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ நான் அந்த சார்கிட்ட போலாமா?"

"உங்கப்பா சொல்லணும்" என்றார் அக்கா.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அருள்நாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆன்சியிடம் "பைய எடு" என்றாராம். அதற்கு மேல் நடந்ததை ஆன்சிதான் எனக்குச் சொன்னாள்.

"நடந்தே போனோம்க்கா. அப்பா படிக்குக் கீழயே நின்னுட்டாரு. சார் மேலருந்து பாத்துட்டு எறங்கி வந்தாரு. ரெண்டு பேரும் நின்னாங்க. நான் பயந்துட்டேன், மறுபடி அடிச்சிருவாரோன்னு. அப்பா என் தோள்லருந்து பைய கழட்டி சார் கையில குடுத்தாரு. சார் வாங்கிகினாரு. அவ்ளோதான்."

"ஒண்ணுமே பேசலியா?"

"அப்பா பேசத்தான் பாத்தாரு. சார், 'நேரமாவுது, பசங்க உக்காந்துகினு கீறாங்க'ன்னு என்ன மேல கூட்டிகினு போயிட்டாரு."

முதல் நாளே அவர் நீல நோட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மூடி அவளிடமே கொடுத்து, "இத வூட்ல வெச்சுரு. நாளிக்கு உனக்குன்னு புது நோட்டு வாங்கினு வா. வெக்டர மொதல்லருந்து போடலாம்" என்றாராம்.

இப்போது சாலையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் திருமலை சார் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார். அந்தப் பக்கம் அருள்நாதன் நின்று வாங்கிக்கொள்கிறார். பன்னிரண்டு பேரும் கடந்த பிறகும் சாரின் கை சற்று நேரம் உயர்ந்தே இருக்கிறது. எதற்கு என்று அருள்நாதன் கேட்கவில்லை. அவரும் அதுவரை அந்தப் பக்கத்தில் நிற்கிறார்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வில் ஆன்சி கணக்கில் நாற்பத்தொன்று எடுத்தாள். கோடு எதுவும் போடவில்லை. செய்தி கேட்டு நான் சாத்தாங்காட்டுக்குப் போனேன். வண்டி வராத நேரம். சிலுவக்கா ஜன்னலுக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"பாஸ் மார்க்கு தாண்டிட்டா. சந்தோசம்தானக்கா?"

"சந்தோசந்தான். மார்ச்சுக்குள்ள அறுபது வரும்னு சார் சொல்லி அனுப்பினாரு."

"மாமா?"

"நல்லாத்தான் கீறாரு. சோறு வெச்சா துன்றாரு. ஆன்சிகிட்ட பேசறாரு."

"உன்கிட்ட?"

அவர் டப்பாவை மூடினார்.

"திட்டவே இல்ல ஜானட்டு. ஒரு வார்த்த திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. நாலு நாளிக்கு ஒருக்கா, அஞ்சு நாளிக்கு ஒருக்கா, சாப்டுகினு இருப்பாரு, திடீர்னு கேப்பாரு. 'ஆறு இருவத்தஞ்சா?' அப்டின்னு. நான் ஆமான்னுவேன். மறுபடி சாப்டுவாரு."

வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"நேத்தும் கேட்டாரு" என்றார்.